தகரத்தை அறுக்காமல் ஒரு மட்கார்டு: பழைய ராணுவ நிசானுக்கு பெல்ட் ரப்பர்

ராணுவ ஏலத்தில் வந்த நிசான் ஒரு டன் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டினால் முதல் தகராறு மட்கார்டோடுதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு பக்கச் சக்கரத்தைப் பாறையில் ஏற்றினால், டயரின் தோள் தகர விளிம்பில் போய் உரசும். உரச உரசத் தகரம் மடங்கும். மடங்கிய தகரம் ஒருநாள் டயரையே கிழிக்கும். இதற்கு எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: கட்டிங் வீலை எடுத்து மட்கார்டை வளைவாக அறுத்துவிடுவது. அப்படி அறுத்த வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இன்று அறுத்த தகரம் நாளைக்குத் திரும்பி வராது. அந்த வண்டிக்கு மட்கார்டு அடிக்கும் அச்சு இனி எங்கும் ஓடப்போவதில்லை.

இந்த வண்டியை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நிசான் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகக் கட்டிய வண்டி இது. முதலில் அங்குள்ள பீரங்கி வண்டித் தொழிற்சாலையிலும், 1969இல் தனியாக வாகனத் தொழிற்சாலை வந்த பிறகு அதிலும் தயாரானது. ஜோங்கா ஜீப்பும் சக்திமான் லாரியும் இதே ஊரில் பிறந்த சகோதரர்கள். 3956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டை ஆக்ஸில். அமெரிக்க டாட்ஜ் எம்37 வண்டியைப் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே சாயல் தெரியும். மலையிலும் பாலைவனத்திலும் வேலை செய்த வண்டி. நம் கைக்கு வந்த பிறகு அதன் உடம்பைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

அறுப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மட்கார்டின் ஓரத்தில் தகரத்தை உள்பக்கமாக மடித்திருப்பார்களே, அதை அழகுக்காகச் செய்யவில்லை. மெல்லிய தகரத்துக்கு விறைப்பே அந்த மடிப்பால்தான் வருகிறது. மடிப்போடு சேர்த்து அறுத்துவிட்டால் மீதித் தகரம் ஓட்டத்தில் படபடவென்று அதிரும். கொஞ்ச நாளில் போல்ட் துளைகளைச் சுற்றி முடி மாதிரி விரிசல் கிளம்பும். வெல்டிங் வைத்தால் அதற்குப் பக்கத்தில் அடுத்த விரிசல் வரும். இதற்கு முடிவே கிடையாது.

ஆகவே என் கணக்கு இதுதான். அசல் முன் மட்கார்டு இரண்டையும் கழற்றி, துடைத்து, எண்ணெய் தடவி மேலே பரணில் வைத்துவிட வேண்டும். அதே போல்ட் துளைகளில் உட்காரும் மாதிரி, 16 கேஜ் தகரத்தில் வளைவைப் பெரிதாக விட்டு ஒரு மாற்று மட்கார்டு கட்ட வேண்டும். அந்த வளைவின் ஓரத்தில் வளைந்து கொடுக்கிற ரப்பர் விளிம்பு போட வேண்டும். டயர் உரசினால் ரப்பர் விலகும். மரமோ பாறையோ இடித்தால் ரப்பர் மடங்கி நிமிரும். வண்டியை என்றாவது பழைய கோலத்துக்குக் கொண்டுவர நினைத்தால் ஸ்பேனர் மட்டும் போதும்.

டிங்கர் வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. “ஏனுங்ண்ணா, ரப்பரு வெளிய நீட்டுனா தொங்கிப்போயிருமுங்களே? நாலு நாளைக்கு நிக்கும், அப்புறம் மாட்டுக் காதாட்டம் ஆடும்” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. தட்டையான ரப்பர் துண்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டினால் தொங்கத்தான் செய்யும்.

பதில் வளைவில் இருக்கிறது. ஒரு காகிதத்தை ஓரத்தில் பிடித்து நீட்டிப் பாருங்கள், மறுமுனை தலை குனியும். பிடிக்கும்போதே லேசாக அகலவாக்கில் குழித்துப் பிடியுங்கள், நேராக நிற்கும். ரப்பர் பட்டையும் அப்படித்தான். டயரின் சுற்றளவை ஒட்டிய வளைவில் அதை இறுக்கிப் பிடித்துவிட்டால், அந்த வளைவே அதற்கு முதுகெலும்பு. வெளியே நான்கு அங்குலம் நீட்டினாலும் தொங்காது.

இதில் ஒரு விதி அடங்கியிருக்கிறது. தட்டைப் பொருளை ஒரு திசையில்தான் வளைக்கலாம். டின்னைச் சுற்றிக் காகிதம் ஒட்டுவதுபோல் டயரைச் சுற்றி வளைத்தால் சொன்னபடி கேட்கும். மட்கார்டு ஓரத்தில் மாட்டக் கடையில் விற்கும் ஜீப் பிளேர்களைப் போல ஒரே நேரத்தில் வளைவாகவும் வெளிப்பக்கம் சரிவாகவும் வேண்டும் என்றால் தட்டை ரப்பர் ஒத்துழைக்காது. ஓரம் அலை அலையாகச் சுருங்கும். அதற்கு அச்சு வேண்டும், வார்ப்பு வேண்டும். நம் பட்டறையில் செய்கிற விளிம்பு சைக்கிள் மட்கார்டைப் போல, டயருக்கு இணையான உருளை வடிவத்தில் இருந்தால் போதும். பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும். ராணுவ வண்டிக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

அடுத்த கேள்வி, எந்த ரப்பர். லாரிக் கடையில் விற்கும் மட்ஃபிளாப் ரப்பர்தான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரும். அதற்குள்ளே துணி கிடையாது, பெரும்பாலும் மறுசுழற்சி ரப்பர். போல்ட் துளையில் ஒரு இழுப்பு விழுந்தால் அங்கிருந்து காகிதம் மாதிரி கிழிந்துகொண்டே போகும். ரீட்ரெட் பட்டறையின் ட்ரெட் ரப்பருக்கும் அதே குறை. எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் நல்ல பொருள்தான்: 6 மில்லி கனத்தில் சதுர மீட்டருக்கு ஆறு கிலோவுக்கும் குறைவு, சேறு ஒட்டாது. ஆனால் வெயிலில் நீளும். காலைக் குளிருக்கும் நடுப்பகல் தகிப்புக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஐந்து மில்லிக்கு மேலேயே நீளும். துளையை நீள்வட்டமாகப் போடாவிட்டால் போல்ட்டுகளுக்கு நடுவே புடைத்துக்கொள்ளும். கறுப்பு நிறமாகப் பார்த்து வாங்க வேண்டும். கார்பன் சேராத வெள்ளை ஷீட் வெயிலில் நொறுங்கும். பின்சக்கரத்துக்கு, லோடு பாடிக்கு அடியில் தொங்கவிட, நான் எச்டிபிஇயைத்தான் வைத்திருக்கிறேன். அங்கே வளைவும் இல்லை, பெரிய இடியும் இல்லை.

முன்பக்கத்துக்கு, ஜல்லி, நிலக்கரி போன்றவற்றைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்தான். அதிலும் துணி அடுக்குள்ள பெல்ட். மூன்று பிளை, அதாவது மூன்று துணி அடுக்கு, மொத்தக் கனம் 8 மில்லி. சதுர மீட்டருக்கு ஒன்பது, பத்து கிலோ வரும். 16 கேஜ் இரும்புத் தகடு பன்னிரண்டரை கிலோ என்பதால் இரும்பைவிட எடை குறைவுதான். உள்ளே இருக்கும் நைலான், பாலியஸ்டர் துணி போல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், கிழிசலை ஓட விடாது. நெய்வேலி மாதிரிப் பெரிய சுரங்கங்களின் பழைய பெல்ட் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம். நீளமான கனரக பெல்ட்டுகளில் உள்ளே எஃகு வடம் ஓடும். அறுத்தால் ஓரத்தில் ஊசி ஊசியாகக் கம்பி நீட்டும், துரு ஏறும், கையைக் கிழிக்கும், எடையும் தாங்காது. நமக்கு ஏற்றது ஜல்லி கிரஷரில் ஓடிய பெல்ட். கோவை உக்கடம் போன்ற பழைய சாமான் சந்தைகளில் சுருள் சுருளாகக் கிடக்கும். மாட்டுக் கொட்டகையில் விரிப்பதற்கு விவசாயிகள் வாங்கிப் போவார்கள்.

புது பெல்ட் வாங்குவதானால் ஐஎஸ் 1891 முத்திரையும் எம்-24 கிரேடும் பார்த்து வாங்கலாம். பழையது வாங்கும்போது கை வேலை இருக்கிறது. ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே நகம் நுழைந்தால் பிளை விட்டுவிட்டது என்று பொருள். கறுப்புத் தோலை வெளியே வைத்து மடித்துப் பாருங்கள், சின்னச் சின்ன வெடிப்பு தெரிந்தால் ரப்பர் செத்துவிட்டது. சுருளின் உள்சுற்றில் இருந்து துண்டு கேளுங்கள். வருடக்கணக்கில் சுருண்டே கிடந்ததால் அதற்கு ஒரு வளைவு படிந்திருக்கும். கொட்டகையில் விரிப்பவருக்கு அது தொல்லை. நமக்கோ பாதி வேலை மிச்சம். அந்த இயல்பான வளைவு டயரைப் பார்த்து வரும்படி மாட்டினால் பெல்ட் தானாகவே இடத்தில் உட்காரும்.

வாங்குவதற்கு முன்பே அளவு எடுத்தாக வேண்டும், நின்ற வண்டியில் டேப் பிடித்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. டயர் போகக்கூடிய எல்லா இடத்துக்கும் அதைப் போகவைத்துப் பார்க்க வேண்டும். சமதளத்தில் முன் இடச் சக்கரத்தையும் பின் வலச் சக்கரத்தையும் கட்டைகள் அடுக்கி மேலே ஏற்றுங்கள். மூலைக்கு மூலை வண்டி முறுக்கிக்கொள்ளும். பட்டை ஸ்பிரிங் படுத்து, ஆக்ஸில் மேலே ஏறுவதை நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுத்துவிட்டு, டயர் ஓரம் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடியுங்கள். எங்கெல்லாம் வெள்ளை ஒட்டுகிறதோ அங்கெல்லாம் இரும்பு இருக்கக் கூடாது. அப்புறம் கட்டையை மாற்றி வைத்து மறுபக்கத்தையும் பாருங்கள். பழைய ஸ்பிரிங் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தளர்ந்திருக்காது.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பட்டை ஸ்பிரிங் நிமிரும்போது அதன் நீளம் கூடும். ஒரு முனை அசையாமல் கட்டுண்டு கிடப்பதால், அந்த நீளம் ஷாக்கிள் என்கிற ஆடும் இணைப்பு இருக்கும் பக்கமாகத்தான் போக முடியும். ஆக்ஸிலும் அந்தப் பக்கமே நகரும். சக்கரம் மேலே ஏறும்போது முன்னேயோ பின்னேயோ கொஞ்சம் தள்ளியும் போகிறது என்பதை மறந்து, நடு மையத்துக்கு அழகாக வட்டம் போட்டால், ஒரு பக்கம் கை நுழையும் இடைவெளியும் மறுபக்கம் உரசலுமாக முடியும். உங்கள் வண்டியில் ஷாக்கிள் எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்துவிட்டு, வளைவின் மையத்தை அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

ரப்பர் இருக்கிறதே என்று பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கூடாது. ரப்பர் விளிம்பு டயரின் உரசலைத் தாங்கும், வண்டியின் பாரத்தைத் தாங்காது. பம்ப் ஸ்டாப் முட்டிய நிலையில் டயர் ரப்பரை வருடிக்கொண்டு சுற்றினால் சரி. அழுத்திக்கொண்டு நின்றால் ஸ்டாப்பின் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

அளவு கிடைத்ததும் மாதிரி வெட்டுவதற்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனரைவிட நல்ல பொருள் இல்லை. அதுவும் பெல்ட் மாதிரியே ஒரு திசையில்தான் வளையும். ஆகவே பேனரில் சுருக்கம் விழாமல் உட்கார்ந்தால் பெல்ட்டும் உட்காரும்.

விளிம்பைத் தாங்குவதற்கு 25க்கு 25 மில்லி, 3 மில்லி கனமுள்ள எல் வடிவ இரும்பு ஆங்கிளை ரோலிங் மெஷினில் வளைத்து வாங்கினேன். ஆங்கிளின் ஒரு கால் மட்கார்டின் பக்கவாட்டில் படிந்து போல்ட் ஆகும்; மடிப்பு கொடுத்த விறைப்பை இது கொடுக்கும். இன்னொரு கால் வெளியே நீட்டி நிற்கும். பெல்ட் அந்தக் காலுக்கு அடியில், அதாவது டயர் பக்கம் உட்கார வேண்டும். மேலே வைத்துக் கட்டினால் வேலை சுலபம், ஆனால் டயர் மேலே வரும்போது முதலில் தொடுவது ஆங்கிளின் இரும்பு விளிம்பாக இருக்கும். அடியில் வைத்தால் டயருக்குத் தெரிவது ரப்பர் மட்டும்.

அப்படி வைத்தால் போல்ட் தலை டயரைப் பார்க்கும் என்பது அடுத்த சிக்கல். சாதாரண அறுகோணத் தலை டயரைச் செதுக்கிவிடும். இதற்கு விடை நம் ஊர் அரிசி ஆலைகளிலேயே இருக்கிறது. நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரில் பெல்ட்டோடு வாளிகளை இறுக்குவதற்கென்றே ஒரு போல்ட் உண்டு. எலிவேட்டர் போல்ட் என்று மில் சாமான் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தலை ஒரு ரூபாய் நாணயத்தைவிட அகலம், தகடு போலத் தட்டை. இறுக்க இறுக்க ரப்பருக்குள் அமிழ்ந்து மேற்பரப்போடு சமமாகிவிடும். விரலால் தடவினால்கூட ஓரம் தட்டுப்படாது. 5/16 அங்குலப் போல்ட்டை நான்கு அங்குல இடைவெளியில் போட்டு, மேலே நைலான் லாக் நட் போட்டிருக்கிறேன். சாதா நட்டும் ஸ்பிரிங் வாஷரும் இங்கே பயன்படாது. ரப்பர் நாளாக ஆகக் கொஞ்சம் அமுங்கும், பிடி தளரும், கழன்று விழும்.

பெல்ட்டை வெட்ட கிரைண்டர் வேண்டாம். ரப்பர் எரிந்து புகை மண்டும், துணி நூல் வட்டில் சுற்றிக்கொள்ளும். நல்ல தடித்த கத்தியைத் தீட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரும்புப் பட்டியை அணை கொடுத்துக் கோடு கோடாக இழுத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இறங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பிளை போகும். வெட்டும்போது வெட்டு வாயை விரித்துப் பிடிக்க ஒரு ஆள் இருந்தால் வேலை பாதி. துளைக்கு டிரில் பிட் போட்டால் ரப்பர் விலகி மூடிக்கொள்ளும், உள்ளே நூல் பிசிர் நிற்கும். வேப்பங்கட்டையின் வெட்டு முகத்தில் பெல்ட்டை வைத்து, தோல் வேலைக்காரர்கள் துளை போட வைத்திருக்கும் குழாய் உளியால் அடித்தால் ஒரே அடியில் சுத்தமான துளை. வெட்டிய ஓரங்களில் துணி வெளியே தெரியும். அது திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சும், பிளை விடுவதற்கு அதுவே ஆரம்பம். பஞ்சர் கடை வல்கனைசிங் சொல்யூஷனை இரண்டு கை தடவிக் காயவிட்டால் அடைபடும். மூலைகள் எல்லாவற்றையும் உருட்டி வெட்டுங்கள். கூரிய மூலை எதில் மாட்டினாலும் அங்கிருந்துதான் கிழியும்.

எவ்வளவு தூரத்துக்கு விளிம்பு வேண்டும் என்பதையும் யோசித்துப் போட வேண்டும். முன்னோக்கிப் போகும்போது டயரின் பின்பகுதி கீழிருந்து மேலே ஏறுகிறது, சேறு அங்கிருந்துதான் கிளம்பி உச்சிக்கு மேல் முன்னால் பறக்கிறது. ஆகவே உச்சியைத் தாண்டி முன்னால் ஒரு முழங்கை அளவும், பின்னால் ஹப் எனும் சக்கர மையத்தின் மட்டத்துக்குக் கீழே வரையும் மறைத்தால் கண்ணாடியும் கதவும் தப்பிக்கும். ஆங்கிளை ஹப் மட்டத்தோடு நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே எட்டு அங்குலம் பெல்ட்டைச் சும்மா தொங்கவிட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் மட்ஃபிளாப்புகள் பிய்கின்றன: பின்னால் ஒரு மேடோ கல்லோ இருந்தால், டயர் ஃபிளாப்பை அதில் அழுத்தி மிதித்துக்கொண்டு ஏறும். இரும்பு அங்கே இல்லாததால் பெல்ட் நழுவி வந்துவிடும். மோசமான தடத்தில் இறங்குமுன் அந்தத் தொங்கலை மேலே தூக்கி மாட்ட ஒரு சின்னச் சங்கிலியும் கொக்கியும் வைத்திருக்கிறேன்.

இந்த மாற்றத்தின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது உடுமலைப் பக்கம் ஒரு தோப்பில், மழைக்கு மறுநாள் கரிசல் மண்ணில் இறங்கியபோது. கரிசல் டயரில் ஒட்டினால் விடாது. தகர மட்கார்டுக்குள் அப்பி அப்பிக் கெட்டியாகி, கடைசியில் சக்கரத்தையே பிரேக் பிடித்த மாதிரி நிறுத்திவிடும். கடப்பாரை போட்டுக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும். ரப்பர் விளிம்பில் மண் அப்புகிறது, அடுத்த சுற்றில் டயர் தட்டும்போது ரப்பர் உதறுகிறது, கட்டி கட்டியாக விழுகிறது. கூட வந்த மேஸ்திரி இறங்கிப் போய் விளிம்பைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்லீங்ண்ணா, மறுபக்கத்துக்கும் இதே சுருள்ல வாங்கீரலாம்” என்றார்.

சட்டப் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. டயர், பாடி எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது பரணில் இருக்கும் அசல் மட்கார்டையும் அசல் அளவு டயரையும் மாட்டிக்கொண்டு போகலாம் என்பது, அறுக்காமல் வைத்திருப்பதன் இன்னொரு லாபம். பெரிய டயரும் ரப்பர் விளிம்பும் எனக்குத் தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு மட்டும்தான். மாற்று மட்கார்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ராணுவப் பச்சை வேண்டாம். ஆலிவ் கிரீன் நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. நான் மணல் நிறம் அடித்திருக்கிறேன். பெல்ட்டில் பெயின்ட் நிற்காது, கறுப்பாகவே விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. மாட்டிய பிறகு முதல் முறை நன்றாக ஓடிவிட்டு வந்ததும் எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்க வேண்டும், ரப்பர் அமுங்கியிருக்கும். டீசலும் இன்ஜின் ஆயிலும் படாமல் பாருங்கள். சாதாரண பெல்ட் ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். சைலன்சர் பைப் பக்கத்தில் ஓடும் இடத்தில் நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள். மீதிச் சுருளைத் தூக்கிப் போட்டுவிடாமல், அதே வளைவில் சுருட்டிக் கட்டி நிழலில் வைத்திருந்தால், ஒரு பக்கம் கிழிந்தால் மாற்ற அரை மணி நேரமும் ஒரு ஸ்பேனரும் போதும்.